ஆதவனைத் தாண்ட வேண்டும்

ஆகஸ்ட் 4, திங்கள்

லாட்ஜில் இன்று கூட்டமில்லை. ரிசப்ஷனில் உட்கார்ந்தபடி அந்தத் தவளை விளையாட்டைத் திறந்தேன். தம்பி ஆதவன் எப்போதோ என் போனில் ஏற்றிக் கொடுத்தது. தவளை பலகைக்குப் பலகை தாவி மேலே போக வேண்டும், தவறினால் ஆட்டம் முடிந்தது. நண்பர்கள் வரிசையில் அவன் பெயர். 3,120. போன வாரம் 2,900 சொச்சம்தானே இருந்தது!

அப்படியென்றால் விளையாடுகிறான். எங்கேயோ இருக்கிறான்.

வீட்டில் கேட்காமல் வேலையை விட்டான் என்று அப்பா கத்தினார், "இனிமே என் மூஞ்சில முழிக்காத." பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பழைய நம்பர் அணைந்தே கிடக்கிறது.

அம்மாவிடம் காட்டினேன். "நல்லா கீறானாடி? சாப்ட்டானா? அதுல தெரியுமா?" என்றாள். அவளே ஒழுங்காகச் சாப்பிட்டு எத்தனை நாளாகிறது.

ஆகஸ்ட் 5

இந்த விளையாட்டில் பேச வழியில்லை. கூட வேலை பார்க்கும் எழில்தான் யோசனை சொன்னாள். "அவர் ஸ்கோர நீங்க தாண்டினா, 'இன்னார் உங்களத் தாண்டிட்டாங்க'ன்னு அவர் போனுக்குப் போவும்க்கா. பேர எப்ப வேணா மாத்திக்கலாம். பேருக்குப் பதிலா சேதிய எழுதிடுங்க."

என் ஸ்கோர் 640. விளங்கினாற்போலத்தான்.

ஆகஸ்ட் 6

விழுகிறேன். மறுபடி விழுகிறேன். எழில் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "தவளைய ஏன்க்கா பாக்குறீங்க? அடுத்த பலகைய பாருங்க. அழுத்திப் புடிச்சா ஒசரமா போவும், லேசா தொட்டா கம்மியா போவும். நடுவுல பறக்குற ஈய விட்டுடுங்க. அதுக்கு ஆசப்பட்டுத்தான் ஓரத்துக்குப் போய் விழுறீங்க."

ஈயை விட்டேன். 1,150.

ஆகஸ்ட் 7

1,980. கட்டைவிரல் வீங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

பௌர்ணமி. அறை ஒன்றுகூடக் காலியில்லை. கிரிவலம் முடித்து வந்தவர்கள் வெந்நீர், வெந்நீர் என்று பிய்த்தெடுத்தார்கள். மதியம்தான் மூச்சுவிட முடிந்தது. இத்தனை நாளும் சத்தத்தை அணைத்துவிட்டு ஆடியது தப்பு என்று இன்றுதான் தெரிந்தது. உடையப்போகும் பலகை முன்கூட்டியே கிரீச்சென்கிறது! இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஆடினேன். 2,760.

ஆனால் அவன் 3,120-இலேயே நிற்கிறான். திங்களிலிருந்து ஆடவே இல்லையோ? காய்ச்சலா? போனை விற்றுவிட்டானா? என்னடா ஆச்சு உனக்கு? சொல்லித் தொலையேன்டா.

அடி அண்ணாமலையில் இருக்கும் வீட்டுக்குப் போகும் ஆட்டோவிலும் ஆடினேன். வீட்டில் அப்பா, "எந்நேரமும் இன்னா போனு?" என்றார். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 11

இரண்டாயிரத்தைத் தாண்டியதும் கண் தானாக மேலே போகிறது, எண்ணைப் பார்க்க. அந்த நொடியில்தான் விழுகிறேன். எல்லாத் தடவையும் அப்படித்தான். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து எண்ணின்மேல் ஒட்டினேன். எழில் சிரித்தாள். சிரிக்கட்டும்.

பெயரை 'அம்மா சாப்பிடல' என்று மாற்றிவிட்டு ஆரம்பித்தேன். எவ்வளவு தூரம் போனேன் என்றே தெரியவில்லை. விழுந்ததும் பொட்டைப் பிரித்தேன்.

3,340.

போயிருக்குமா அவனுக்கு?

ஆகஸ்ட் 12

ஒன்றுமில்லை. ஒருவேளை விளையாட்டையே அழித்துவிட்டானோ? யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாவியை மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

ஆகஸ்ட் 13

வரிசையில் நான் இரண்டாவது! முதலிடத்தில் 3,410. ஆதவன் என்ற பெயர் இல்லை. அந்த இடத்தில்: 'ஏன் சாப்பிடல'.

கவுன்டரிலேயே அழுதுவிட்டேன். பில் கட்ட வந்த பெரியவர், "உடம்பு சரியில்லயாம்மா?" என்று பயந்துபோனார்.

இனி தாண்டத் தேவையில்லை, அவனே திறந்து பார்ப்பான். பெயரை மட்டும் மாற்றினேன். 'நீயே கேளு'.

ஆகஸ்ட் 14, வியாழன்

சாயங்காலம் அம்மா போனுக்குத் தெரியாத நம்பர். "யாரு?" என்றவள் அப்படியே சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "ஓசூரா? அங்க யார்ரா சமைக்கிறது?" பிறகு, "சாப்ட்டேன்டா. இப்பதான் சாப்ட்டேன். நீ?"

அப்பா கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. ரிமோட்டை எடுத்து, டிவி சத்தத்தை முழுசாகக் குறைத்தார்.