சிவப்பு நூல் கட்டிய ஜெட்

தம்பி,

இன்று காலை உன் ஷெட்டுப் பக்கம் வந்தபோது விளக்கெண்ணெய் கருகும் வாசனை அடித்தது. பெட்ரோலில் ஆயில் கலக்கும்போது நீ ஒரு மூடி விளக்கெண்ணெயும் சேர்த்து ஊற்றுவாயே, அந்தப் புகை. உத்திரமேரூரில் வேறு எந்த வண்டிக்கும் அந்த வாசனை கிடையாது. பத்து மாதமாக உன் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தவன் நான். நெல் மண்டிக்குப் போகிற அவசரத்தில் கால் பழைய வழியில் திரும்பிவிட்டது. வாசனை மூக்கில் ஏறியதும் நீதான் உள்ளே உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்தேன். இல்லை என்று உறைத்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே உன் மகள். தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பி, தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க பெரியப்பா. இப்பதான் எங்க வூட்டுக்கு வழி தெரிஞ்சுதா?"

"இன்னாம்மா இது?"

"வர்ற ஞாயித்துக்கிழமை இந்த வருசத்து மொத பந்தயம். பேர் குடுத்துட்டேன். அப்பா வண்டியிலதான் ஓட்றேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பயந்துக்காதீங்க. நான் புது ஆளு, விடியகால பனி வேற. பச்ச நூல் ஜெட்டே போட்டுக்கிறேன். அதான் பத்திரம்னு அப்பா சொல்வாரு இல்ல?"

அவள் மடியில் உன் தகர டப்பா திறந்திருந்தது. அந்தப் பச்சை நூலில் கட்டியிருப்பது பத்திரமான ஜெட் இல்லை என்பது இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அப்படித்தான் அந்த நிமிஷம் வரைக்கும் நினைத்திருந்தேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். எனக்குக் கைநாட்டுதான், உனக்குத் தெரியாததா. என் பேச்சைப் புத்தகத்தில் வருகிற மாதிரி எழுதிக்கொள், ஆனால் நான் செய்ததைக் கொஞ்சம்கூடக் குறைத்து எழுதாதே என்று சொல்லியிருக்கிறேன்.

நூல் கட்டியதே எனக்காகத்தான். கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற அந்தப் பித்தளை ஜெட் நெல்மணி அளவுதான் இருக்கும். கடையில் வாங்கிய ஜெட்டின் துளையை நீயே கையால் குடைந்து பெரிசாக்குவாய். அதனால் அதில் பொறித்திருக்கும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அர்த்தம் இருந்தாலும் எனக்குப் படிக்க வராது. உன் வீட்டுத் தறியில் மிஞ்சிய பட்டு நூலைக் கிள்ளிவந்து கட்டினாய். மஞ்சள் ஊருக்குள் சும்மா ஓட்ட. போட்டிக்கு இரண்டே இரண்டு. பச்சைக்குப் பெரிய துளை, பெட்ரோல் நிறையப் போகும், பனிக்காற்றுக்கு ஏற்றது. சிவப்புக்குச் சின்னத் துளை, பெட்ரோல் குறைவு, வெயில் ஏறியபிறகு வண்டி பறக்கும். இதைப் பனியில் போட்டால் எஞ்சின் காய்ந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கி எறியும்.

சந்தேகம் வந்தால் ஒரு தையல் ஊசி. பச்சையில் நுழையும், சிவப்பில் நுழையாது. ஆனால் நான் எடுத்துக் கொடுத்த எதையும் நீ ஊசி போட்டுப் பார்த்ததில்லை.

மற்றவர்கள் ஓட்டிய நேரத்தையெல்லாம் நோட்டில் எழுதி வைத்தார்கள். "நமக்கு எதுக்கு நோட்டு, அண்ணாத்த கீறாரு" என்பாய். உண்மைதான், எல்லாம் தலைக்குள் இருக்கிறது. போன வருஷம் முதல் பந்தயம் பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிறு. சீட்டைத் துடைக்கத் துடைக்க நனைந்தது. பச்சை. நானூறு மீட்டர், பதினைந்து புள்ளி மூன்று செகண்ட். இரண்டாவது, மாசி பிறந்து நாலாம் நாள், வெயில் வந்துவிட்டது. சிவப்பு. பதினைந்து புள்ளி ஒன்று. ஐம்பத்தெட்டு வயசில் காலேஜ் பிள்ளைகளோடு நின்று, பதினைந்துக்குள் ஒரே ஒரு தடவை போய்விட வேண்டும் என்பதுதான் உன் பைத்தியம். "பதினாலுன்னு அந்தப் போர்டுல வெளக்கு எரியணும். அதுக்கு அப்பறம் நான் தறிமேடையில உக்காந்துக்கினு பேரன் கதை பேசறேன்" என்றாய்.

மூன்றாவது பந்தயத்துக்கு டெம்போவில் வண்டியை ஏற்றிக்கொண்டு போனோம். திருப்புட்குழிகிட்ட டீ குடிக்க நிறுத்தியபோது நீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இடது கையைப் பிடித்துக்கொண்டாய். விடியற்காலைக் குளிரில் உன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெஞ்சு சரியில்லை, ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள் என்று செங்கல்பட்டு டாக்டர் சொல்லி அதற்குள் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"வண்டியத் திருப்பலாம் தம்பி."

"கம்முனு இரு. பாப்பாகிட்ட மூச்சு விடாத. ஒரே ஒரு ஓட்டம் அண்ணாத்த. பதினஞ்சிக்குள்ள போய்ட்டா, நேரா நீ சொல்ற ஆஸ்பத்திரில போய்ப் படுத்துக்கிறேன். இது சத்தியம்."

நான் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். நீ ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாய். திடலுக்குப் போய்ச் சேர்ந்து நீ பேர் பதிய வரிசையில் நின்றபோது டப்பா என் கையில் இருந்தது. இரண்டு ஜெட்டின் நூலையும் அவிழ்த்தேன். பச்சையைச் சிவப்பிலும் சிவப்பைப் பச்சையிலும் கட்டினேன். உன் ஓட்டம் வெயில் ஏறியபிறகுதான், நீ சிவப்பைக் கேட்பாய், பெரிய துளைதான் உன் கைக்கு வரும், பெட்ரோல் மிஞ்சிப்போகும். வண்டி திணறினால் நீ முறுக்குவதை விட்டுவிடுவாய், மெல்ல வந்து சேர்வாய், சலித்துப்போய் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருவாய் என்பதுதான் என் புத்திக்கு எட்டியது.

வெயில் ஏறியது. "சிவப்பு குடு அண்ணாத்த" என்று கையை நீட்டினாய். நூலை உருவி ஹாண்டில்பாரில் சுற்றிவிட்டு ஜெட்டை உன் உள்ளங்கையில் வைத்தேன். நீ பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தாய். "இன்னாத்துக்கு இப்படி வெளிறிப் போயிக்கிற? ஓட்டப்போறது நான்தான" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்போடு வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

விளக்கு மாறியது. பக்கத்தில் நின்ற பையன் போய்விட்டான். உன் வண்டி நூறு மீட்டருக்கு அப்புறம் தண்ணீர் குடித்த மாதிரி குளறியது. பதினேழு புள்ளி நாலு. நீ வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தாய். இருபது வருஷத்தில் நீ வண்டியைத் தள்ளி அன்றுதான் பார்த்தேன்.

"அவ்ளோதான். வண்டியும் செத்துப்போச்சு, கையும் செத்துப்போச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா தம்பி."

"பதினஞ்சிக்குள்ள போனாதான சொன்னேன்? அதான் போகலியே."

அந்த வார்த்தை என்னை இன்றைக்கும் விடவில்லை. நான் குறுக்கே வராமல் இருந்திருந்தால் நீ அந்தப் பதினாலைப் பார்த்திருப்பாய். சத்தியத்தைக் காப்பாற்றி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பாய். யார் கண்டது, பிழைத்தும் இருப்பாய். காப்பாற்றுகிறேன் என்று நினைத்து வழியை அடைத்தவன் நான். பந்தயம் முடிந்த இருபத்து மூன்றாம் நாள் இதே ஷெட்டில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். செத்துப்போன கை என்று நினைத்துக்கொண்டே போனாய் என்பதுதான் என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. உன் காரியத்துக்கு வந்தவர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். யாராவது பிடித்து அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"பெரியப்பா, இதையும் எழுதணுமா?" என்கிறாள் இப்போது. எழுதும்மா.

காலையில் அவள் ஸ்பேனரை எடுத்தபோது சொல்லிவிட்டேன். "அம்மா, அதப் போடாத. நான் நூல மாத்திக் கட்டிட்டேன்."

"எப்ப?"

"உங்கப்பன் கடைசியா ஓட்டினப்ப. வேணும்னுதான்."

அவள் வண்டியை நிறுத்தினாள். திருப்புட்குழி டீக்கடையில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. எழுந்துபோய், காலண்டரில் குத்தியிருந்த ஊசியை எடுத்துவந்தாள். பச்சை நூல் ஜெட்டில் விட்டாள். நுழைந்தது. சிவப்பில் விட்டாள். நுழையவில்லை.

"சரியாத்தான கீது பெரியப்பா? நீங்க மாத்தவே இல்ல. வயசாயிப்போச்சு, எதையோ நெனச்சி கொழப்பிக்கினு கீறீங்க."

என்னைத் தப்பிக்க விடத்தான் அப்படிச் சொன்னாள் என்று தோன்றியது. தம்பி, என் காலும் கண்ணும் தளர்ந்துவிட்டன. நினைவு தளரவில்லை. இரண்டையும் வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனேன். எழுத்துப் படிக்கத் தெரியாதவன் முடிச்சைப் படிப்பேன். நான் போட்டால் மாட்டுக் கயிறு முடிச்சுத்தான் வரும், மொத்தமாக, வால் நீட்டிக்கொண்டு. நீ தறியில் அறுந்த இழையைச் சேர்க்கிறவன், உன் முடிச்சு கடுகைவிடச் சின்னது. அன்று நான் போட்ட இரண்டு மொத்த முடிச்சும் இல்லை. இரண்டிலும் உன் முடிச்சு இருந்தது.

ஷெட் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வண்டியை மூடிவைக்கும் முன் ஜெட்டைக் கழற்றிக் கழுவி வைப்பது உன் வழக்கம். கழற்றியிருக்கிறாய். டப்பாவைத் திறந்து, பச்சை நூலில் என் முடிச்சைப் பார்த்திருக்கிறாய். ஊசியை விட்டுப் பார்த்து, இரண்டு நூலையும் திரும்ப மாற்றிச் சரியாகக் கட்டியிருக்கிறாய்.

எந்த நாள் என்றுகூட எனக்கு இப்போது தெரிகிறது. பந்தயத்திலிருந்து வந்து நீ சோறு பிடிக்காமல் சுருண்டு கிடந்தாய், ஒன்பதாம் நாள் நான் வந்தபோது ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து பூரி தின்றுகொண்டிருந்தாய். "வண்டி இன்னும் சாகல அண்ணாத்த" என்றாய். உடம்பு தேறிவிட்டது என்று நான் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன். எழுந்து புறப்பட்டபோது பின்னாலிருந்து சொன்னாய்: "அடுத்த பனிக்கும் நீதான் எடுத்துக் குடுக்கணும். ஊசியெல்லாம் வேணாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாய்.

அந்தச் சிரிப்பு மன்னித்த சிரிப்பா, இவன் வாயைத் திறக்கிறானா பார்ப்போம் என்ற சிரிப்பா? அதற்கப்புறம் பதினான்கு நாள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் அழுதிருப்பேன், அந்த அழுகையோடு உன்னைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுக்கு ஓடியிருப்பேன். நீ கேட்பாய் என்று நான் இருந்தேன். நான் சொல்வேன் என்று நீ இருந்தாயோ என்னவோ.

உன் கை சாகவில்லை என்று தெரிந்துதான் போனாய். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்குச் சாயங்காலம் வரை வந்திருக்கிறேன். மற்றதற்குப் பிடி கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் போகிறேன். வேண்டாம் என்றேன், அவள் விடவில்லை. "பச்சய நீங்கதான் எடுத்துக் குடுக்கணும். அப்பாவும் அப்படித்தான சொல்லிட்டுப் போனாரு?" என்கிறாள். உன் சொல்லில் பாதியைத்தான் என்னால் காப்பாற்ற முடியும், தம்பி. எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் காலண்டரில் இருந்த அந்த ஊசியை அவளிடம் கேட்டு வாங்கி என் சட்டைப் பையின் உள்பக்கம் குத்திவைத்திருக்கிறேன். அவள் கண்ணெதிரே அதை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவள் கையில் வைப்பேன். குனிந்தால் நெஞ்சில் குத்துகிறது. எடுக்கப்போவதில்லை.

உன் அண்ணாத்த.