சிவப்பு நூல் கட்டாத டேப்

மார்ச் 4, செவ்வாய்

முழங்கால் வலி. மாடிப்படி பதினேழையும் எண்ணி எண்ணித்தான் இறங்கினேன்.

நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. எழுபத்தெட்டு வயதில் அதைச் சொல்ல வெட்கமில்லை. முப்பத்தைந்தில் இருந்தது.

"இதையும் எழுதணுமாப்பா?" என்கிறாள்.

எழுது.

மார்ச் 6, வியாழன்

தம்பியின் பாட்டைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர் வந்தார். நாலு நிமிஷப் பாட்டுக்காக நாலு வருஷமாக அலைகிறாராம். தம்பி உயிரோடு இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

'கதவு திறந்திருக்கு' என்ற அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அதைச் சொல்ல என்ன தயக்கம்? அப்பா ஒரு நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். போனவர் போனவர்தான். தம்பிக்கு அப்போது ஆறு வயது. அன்றிலிருந்து அம்மா வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதில்லை. கேட்டால், "காத்து வரட்டுமேடா" என்பாள். காற்றுக்காக இல்லை என்று எங்களுக்குத் தெரியாதா? வளர்ந்த பிறகு தம்பி கிட்டாரை எடுத்து, அந்தத் தாழ்ப்பாளைப் பாட்டாக்கித் தொண்டை கிழியக் கத்தினான். ஊர் உலகமெல்லாம் அதற்கு ஆடியது. எனக்கு மட்டும் கால் எழும்பியதே இல்லை.

பிறகு அவர் எழுதி வைத்திருந்ததை வாசித்துக் காட்டினார். "முதல் ரெக்கார்டிங், டிரம்ஸ்காரரின் அலட்சியத்தால் அழிந்துபோனது." வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "சரிதானே பெரியவரே?"

தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

எழுதும்மா. நிறுத்தாமல் எழுது. அப்புறம் திட்டலாம்.

தம்பி பாடிய ஸ்டுடியோவில்தான் எனக்கு டேப் அறை வேலை. எட்டாவது படித்தவன் என்று பொய் சொல்லி அவன்தான் சேர்த்துவிட்டான். புது டேப் கிடைப்பது அரிது. வேண்டாததை அழித்து அழித்துத்தான் ஓட்டுவார்கள். அழிக்க ஒரு காந்தப் பெட்டி உண்டு. டேப் சுருளை அதன் மேல் வைத்து, மெதுவாக வட்டம் வட்டமாகச் சுற்றி, மெதுவாகவே விலக்க வேண்டும். வெடுக்கென்று எடுத்தால் 'டப் டப்' என்று ஒரு சத்தம் தங்கிவிடும். என் கை பட்ட டேப்பில் ஒரு முணுமுணுப்புகூட மிஞ்சாது. அதில் எனக்குப் பெருமை வேறு.

எல்லாப் பெட்டியிலும் ஏதாவது கிறுக்கியிருக்கும். எனக்கு அதெல்லாம் எறும்பு வரிசை. அதனால் தம்பியும் நானும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வைக்க வேண்டிய டேப் என்றால் அவன் பெட்டியைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டிவிடுவான். நூல் இல்லாவிட்டால் அழிக்கலாம். இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

பாட்டை முதல் தடவை பதிவு செய்த அன்று அம்மா வந்திருந்தாள். மூலையில் ஒரு மடக்கு நாற்காலி. நீலப் புடவை, கையில் குடை. டிரம்ஸ்காரருக்கு 'இடி' என்று பட்டப்பெயர். அவர் அம்மாவை அம்மா என்றேதான் கூப்பிடுவார். டிரம்ஸில் தொங்கிய பித்தளைத் தட்டைப் பார்த்துவிட்டு அம்மா, "ஏம்பா, இதைக் கழுவவே மாட்டீங்களா?" என்றாள். எல்லாரும் அப்படிச் சிரித்தோம். இடி தன் குச்சியை அவள் கையில் கொடுத்தார். "கடைசியில நான் தலையாட்டுவேம்மா. அப்ப ஒரே அடி. உங்க வீட்டுக்காரரை நினைச்சுக்கிட்டு அடிங்க."

தம்பி குரல் அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. பாட்டு முடிந்ததும் அம்மா அடித்தாள். ஒரு கணம் பிந்தித்தான் அடித்தாள். அடித்துவிட்டு அவளே பயந்து, "போதுமாடா?" என்றாள். அதுவும் டேப்பில் விழுந்தது.

அம்மாவுக்குக் களைப்பு. தம்பி அவளைக் கூட்டிக்கொண்டு முன்னாலேயே கிளம்பிவிட்டான். டேப்பைப் பெட்டியில் வைத்து என்னிடம் கொடுத்தவர் இடி. பெட்டி மேல் கொட்டை கொட்டையாக எழுதியிருந்தார். அதை விரலால் தட்டிக் காட்டினார். "பாத்துக்கிட்டீங்கல்ல அண்ணே?"

தலையாட்டினேன். பாட்டுப் பெயராக இருக்கும் என்று நினைத்தேன். நூல் இல்லை.

அடுத்த வாரம் ஒரு சோப்பு விளம்பரத்துக்கு டேப் கேட்டார்கள்.

வட்டம் வட்டமாக — மெதுவாக —

மகளே, எழுது. அழாதே. எழுத்து கலையும்.

மூன்று வாரத்தில் அம்மா போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து எல்லாரும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். அந்த ஒரு அடியைக் கேட்க வேண்டுமாம், அந்தப் 'போதுமாடா'வைக் கேட்க வேண்டுமாம். டேப்பை ஓட்டினால் சோப்புப் பாட்டு. இடி, "'அழிக்காதே'ன்னு எழுதி வச்சேனே! பெட்டி மேலயே எழுதி வச்சேனே!" என்று கத்தினார். அப்போதுதான் அந்த எறும்பு வரிசை என்ன சொல்லிற்று என்று எனக்குத் தெரிந்தது. டேப் அப்போது வேறு பெட்டியில் இருந்தது. பழைய பெட்டி காலியாக என் அலமாரிக்குள் கிடந்தது.

தம்பி என் பக்கம் திரும்பினான். "அண்ணா, பெட்டியில எழுதியிருந்துச்சா?"

இல்லை என்றேன்.

அந்த ஒரு சொல்தான். எழுத்துத் தெரியாது என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. வேலை போகும் என்ற பயம்கூட இல்லை. வெட்கம்.

தம்பி இடியின் சட்டையைப் பிடித்தான். "எங்கம்மாவை அழிச்சுட்டியேடா." அதோடு சரி. வேறு டிரம்ஸ்காரரை வைத்து மறுபடி பதிவு செய்தான். அதில் அவன் குரல் உடைந்து உடைந்து வரும். உலகம் அதைத்தான் கொண்டாடுகிறது. அது பாட்டில்லை, ஒப்பாரி.

மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "சித்தப்பா சாகிற வரைக்கும் அந்த மனுஷனோட பேசலையேப்பா" என்றாள். ஆமாம். தம்பியின் சாவுக்கு வந்தவர்கூட தெருவின் எதிர்ச்சாரியிலேயே நின்றுவிட்டுப் போனார். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

மார்ச் 12, புதன்

இரண்டு நாள் மகள் பேனாவைத் தொடவில்லை. இன்று அவளாகவே வந்து உட்கார்ந்தாள். "அந்த மனுஷன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள்.

இல்லை.

"அப்ப எனக்கு எதுக்குச் சொன்னீங்க?"

மார்ச் 15, சனி

போய்வந்தேன். தனியாகத்தான் போனேன். இரண்டு பஸ். அந்தப் பழைய பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்றே தூக்கிப் போட்டிருக்கலாம். கை வரவில்லை.

இடியின் மனைவி கதவைத் திறந்தார். "சத்தமாப் பேசிப் பிரயோஜனம் இல்லண்ணே. அடிச்சு அடிச்சு ரெண்டு காதும் போயிடுச்சு. எழுதிக் காட்டுங்க, படிச்சுக்குவார்" என்று சொல்லிவிட்டு, ஒரு சிலேட்டை என் கையில் கொடுத்தார்.

சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்பத்து மூன்று வருஷம் கழித்து வாயைத் திறக்க வந்தவனுக்கு இது.

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணே!" என்றார், பெரிய குரலில். அந்த மலர்ச்சியை என்னால் தாங்க முடியவில்லை. சிலேட்டைக் கீழே வைத்தேன். பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் எழுத்தை விரலால் தொட்டேன். என் கண்ணைத் தொட்டேன். கையை விரித்துத் தெரியாது என்று காட்டினேன். பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்பு நூலை எடுத்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டிக் காட்டினேன். அவிழ்த்தேன். கையை வட்டமாகச் சுற்றினேன். கடைசியாக என் நெஞ்சைத் தொட்டேன்.

வெகு நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்த நொடி எனக்குத் தெரிந்தது. நூலையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு எழுந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"நீங்க போங்கண்ணே" என்றார் அவர் மனைவி. அதில் கோபம்கூட இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

புத்தகக்காரருக்குப் போன் போட்டு முழுவதும் சொன்னேன். "இதை அப்படியே போடலாமா? உங்க பேர் கெட்டுப் போகுமே" என்றார்.

போடுங்கள். அந்த 'அலட்சியம்' யாருடையதோ அவன் தலையிலேயே இருக்கட்டும்.

மார்ச் 30, ஞாயிறு

ஒரு செய்தியும் இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பார்சல் வந்தது. அதே பெட்டி. சுற்றிச் சிவப்பு நூல், இரட்டை முடிச்சு. அவிழ்க்கவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆட்டிப் பார்த்தாலே தெரிகிறது.

அந்தப் பழைய கொட்டை எழுத்துக்குக் கீழே புது மையில் இன்னொரு வரி. மகள் வாசித்தாள்.

"சொல்லியிருந்தா அன்னைக்கே நூல் கட்டியிருப்பேனே அண்ணே."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை அவளே வாசிக்கப் போனாள். போதும் என்றேன்.