வெறும் தண்ணீரில் சிதறிய ஒளி

மார்ச் 4, செவ்வாய்
நஞ்சுப் பாசி பெருகுமுன்பே கிணற்றில் துளித்துளியாகப் பல்சக்கரைட்டு என்னும் சர்க்கரைப் பசையை விடும். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. லேசர் ஒளியைச் செலுத்தினால் மட்டும் அதில் பட்டுச் சிதறும். நாரந்தனையில் எட்டுக் கிணறுகளில் ஒன்றுமில்லை. இன்று ஒன்பதாவதில், அல்போன்சம்மாவின் கிணற்றில், கண்டுபிடித்துவிட்டோம். நிலாந்தி என்னைக் கட்டிப்பிடித்தாள். பள்ளியில் ஆறாம் ஆண்டிலிருந்து ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்தவள். இப்போது ஒரே ஆய்வு.

மார்ச் 6
அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாமென்று அல்போன்சம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். கேட்டதும் நம்பிவிட்டார். தனியாக இருப்பவர். இனி அவருக்கு வீதிக் குழாய்தான், கால் மைல்.

மார்ச் 19
எங்கள் ஆய்வை மேற்பார்க்கும் சேர் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டார். இரண்டு பேருடைய பெயரும் இருக்கிறது.

மார்ச் 27
அந்தக் கிணற்றுப் போத்தல்களோடு, சரிபார்க்க வெறும் வடித்த நீரும் ஒரு போத்தல் வைத்திருந்தேன். அப்படியொன்று இருப்பதையே நிலாந்திக்குச் சொல்லவில்லை. முன்னமே அளந்திருக்க வேண்டும்; சந்தோசத்தில் விட்டுவிட்டேன். இன்று அளந்தேன். அதே சிதறல். வெறும் தண்ணீரில் என்ன பாசி?
ஒப்பிட வாங்கிய, அதே வகைச் சர்க்கரையான டெக்ஸ்திரான் கரைசலையும் அளந்தேன். மூன்றும் ஒன்றுதான். டெக்ஸ்திரான் போத்தலில் பாதியைக் காணவில்லை. அதை வைத்துப் பூட்டும் குளிரூட்டியின் திறப்பு எங்கள் இருவரிடமும்தான் —

மார்ச் 28
கேட்டேன். அவள் மறைக்கவில்லை.
"ஓம், நான்தான் விட்டனான். ஒண்டும் இல்லையெண்டு எழுதினா ஆர் போடுவினம்? மே மாசத்தோட என்ர வெளிநாட்டுப் படிப்பு விண்ணப்பத் திகதி முடியுது. உனக்கும் நல்லதுதானே, யூலி?"
எனக்கும்? என்னட்டக் கேட்டனியோ? அந்த மனுசி வெயிலுக்க தண்ணி சுமக்குது. அது தெரிஞ்சும் பஸ்ஸில எனக்குப் பக்கத்தில இருந்து சிரிச்சுக்கொண்டு வந்தனி —

மார்ச் 29
வடித்த நீர்ப் போத்தலை என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஏப்ரல் 2
சேரிடம் எல்லாம் சொன்னேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார். என் பட்டம் ஒரு வருடம் பிந்தும். நிலாந்தியும் விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறாள்: இருவரும் சேர்ந்தே கலந்தோமாம். கூட்டாகச் செய்திருந்தால் நான் வைத்த வடித்த நீரிலும் கலந்திருக்க மாட்டோம் என்று சேர் அதை நம்பவில்லை. அந்தப் போத்தல் இல்லாவிட்டால்?

மே 15
விசாரணை முடியும்வரை என்னை ஆய்வுகூடத்துக்குள் விடவில்லை. இப்போதுதான் அந்தக் கிணற்றில் புதிதாகத் தண்ணீர் எடுத்து, தனியாக மூன்று தரம் அளந்தேன். ஒன்றுமில்லை. உடனே நாரந்தனைக்குப் போனேன். எங்கள் பக்கம்தான் பிழை, கிணறு நல்லது என்றேன். அல்போன்சம்மா கோபிக்கவில்லை. தேத்தண்ணீர் தந்தார், குழாய்த் தண்ணீரில் போட்டது.
"அண்டைக்குக் கூடாதெண்டு சொன்னதும் நீர்தானே, பிள்ளை. இண்டைக்கு நல்லதெண்டு சொல்லுறதும் நீர்தான்," என்றார்.
பிறகு இரண்டு வெறுங் கலன்களை எடுத்துக்கொண்டு வீதிக் குழாய்க்குப் போகப் படலையைத் திறந்தார். ஒன்றை நான் வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.