முதலில் இழுத்த கை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்க இன்றைக்குக் கை வரவில்லை, நீயாவது சௌக்கியமாக இரு, வேளைக்குச் சாப்பிடு. தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆறு நாள் ஆகிறது. போனில் எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று சொன்னேன் இல்லையா, அது பாதிப் பொய். அவன் இப்போதுதான் தூங்கினான், எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, மீதியை எழுதிவிடுகிறேன்.

தலை முழுக்கப் பசை தடவி வயர்களை ஒட்டி, மேலே துணி சுற்றி, மூளையின் அலைகளை இராப்பகலாகப் பதிவு செய்கிறார்கள், எதிரே ஒரு கேமராவும் அவனையே படம் பிடிக்கிறது. வலிப்பு எந்த இடத்தில் கிளம்புகிறது என்று தெரிந்தால்தான் ஆபரேஷன். அது தெரிய வலிப்பு வந்தாக வேண்டும், அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். ஐந்து வருஷமாக வரக்கூடாது வரக்கூடாது என்று வேண்டிய நான், வந்து தொலையட்டும் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனுக்கா கவலை, தலைக்குக் கரண்ட் கனெக்‌ஷன் கொடுத்துவிட்டார்களாம், இனிமேல் அக்கா போன் சார்ஜ் போட அவனிடம்தான் வர வேண்டுமாம்.

மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. வலிப்பு வந்ததும் கட்டிலோரத்துப் பட்டனை அழுத்திவிட்டு, கேமராவை மறைக்காமல் தள்ளி நில்லுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பட்டனை அழுத்தினேன், பழக்கம் விடுமா, ஓடிப்போய் அவன்மேல் கவிழ்ந்துகொண்டேன். படத்தில் என் முதுகுதான் இருக்கிறது. எந்தக் கை முதலில் இழுத்தது என்று டாக்டர் கேட்டார். வலது கை என்றேன், இத்தனை வருஷமாக எல்லா டாக்டரிடமும் சொன்ன மாதிரியே. அலையோ வலது மூளையில் கிளம்பியிருக்கிறது, அப்படியானால் இடது கை இழுக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை, இன்னும் பார்க்கலாம் என்று மாத்திரையைக் கொடுக்காமலே வைத்தார்கள். இரண்டு நாளில் மூன்று தடவை வந்தது, கண்ணு. ஒரு தடவை நாக்கைக் கடித்துக்கொண்டு தலையணையெல்லாம் ரத்தம்.

நேற்று, பதிவு எடுக்கிற அம்மா கடைசியாக வந்த வலிப்பின் படத்தைப் போட்டுக் காட்டினார். இடது கை. நான் எதிரில் நின்று சத்தியம் செய்யாத குறையாக வலது என்றேன். அவர் என் தோளைத் தொட்டு, "அது உங்களுக்கு வலப்பக்கம்மா, அவனுக்கு இடது" என்றார். மூளையின் ஒரு பாதி எதிர்ப்பக்கத்துக் கையை ஆட்டும் என்று காலேஜ் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். எதிரே நின்று பார்க்கிறோம் என்பது மட்டும் உறைக்கவில்லை. அவன் பக்கத்தில் படுக்கிறவள் நீ, உனக்குத் தெரிந்திருந்தது. முதல் டாக்டரிடம் போனபோதே "இடது கைதாம்மா" என்றாய். சின்னப் பெண் பயத்தில் உளறுகிறாள் என்று அவர் எதிரிலேயே உன் வாயை அடைத்தேன். அதன் பிறகு நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. என்னை மன்னித்துக்கொள்.

இன்று காலையில் டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். இடம் தெரிந்துவிட்டது. இடது கையை ஆட்டுகிற இடத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கிறதாம். எடுத்தால் வலிப்பு நிற்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் விரல்கள் பழையபடி மடங்காமல் போகலாம். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டார். நான் அரை மணி நேரம் கழித்துப் போட்டேன். தம்பியிடம் டாக்டரே சொல்லிவிட்டார். அவன் கொஞ்ச நேரம் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, "எழுதுற கை இல்லல்ல" என்று என்னைச் சமாதானப்படுத்தினான்.

வியாழக்கிழமை ஆபரேஷன். பரீட்சையை விட்டுவிட்டு வராதே, குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் அவனோடு பேசு, மறந்துவிடாதே. கையைப் பற்றி உன்னிடம் கேட்பான். ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொல்லாதே, நீ சொன்னால் அவன் நம்பிவிடுவான்.

இப்படிக்கு,
உன் அம்மா