எருக்கங்கட்டை

ஜூன் 5

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நலம். நீங்களும் மருமகளும் என் மகனும் நலமா? மருமகள் காலில் மாவுக்கட்டை எப்போது பிரிக்கிறார்களாம்? நர்ஸாக இருந்த அம்மா பக்கத்திலேயே இருக்கும்போது அவளுக்கு என்ன குறை! பள்ளிச் சீருடை சீசன் மட்டும் இல்லையென்றால் கடையைப் பூட்டிவிட்டு நானும் வந்திருப்பேன்.

போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். என் மகன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்து நடுவில் வைத்துவிடுகிறான். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன பேச வரும்? "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா" என்பதோடு நின்றுவிடுகிறது.

இப்போது நல்ல செய்தி. ஊருக்குக் கிளம்பும்போது உங்கள் வீட்டுச் சாவியைக் கொடுத்து, "தோட்டத்தைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றீர்கள் அல்லவா? பார்த்துக்கொண்டேன்! ஐயோ, என்ன காடு அது! எருக்கு இடுப்புயரம், தும்பை வாசல்வரை, வேலி முழுக்க ஏதோ கொடி, பாதி இலையைப் புழு தின்றிருந்தது. பாவம், தனியாள், உங்களுக்கு ஏது நேரம் என்று நினைத்துக்கொண்டேன். துணியில் பிசிறு தெரிந்தால் என் கை சும்மா இருக்காது. ஆள் வைத்து, மெஷின் வரவழைத்து, ஒரே நாளில் சுத்தமாக மழித்தாயிற்று. மேலே புல் பாய் விரித்து, ஓரமெல்லாம் குரோட்டன்ஸ் தொட்டி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இப்பதாம்மா வீடு மாதிரி இருக்கு" என்றார். நீங்கள் வந்து பார்த்து அசந்துபோக வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


ஜூன் 18

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மிக்க நன்றி. உங்களுக்கு இருக்கும் வேலைக்கு நடுவில் இவ்வளவு சிரமம் எடுத்துக்கொண்டதற்கு மீண்டும் நன்றி.

பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கிறாள். மாப்பிள்ளை தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார். இங்கே பதினோராவது மாடி. ஜன்னல் கண்ணாடி பெரியது, ஆனால் திறக்காது.

தோட்டம் போனால் பரவாயில்லை. பின்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டு தொங்கும். சாரல் படாமல் அதை மட்டும் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். நன்றி.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூலை 1

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நான் அவ்வளவு எழுதியதற்கு நீங்கள் அரைப் பக்கம்தான் எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் மூன்று நன்றி. அளவெடுப்பது என் தொழில், என்னிடமே அளவைக் குறைத்தால் தெரியாமல் போகுமா?

நோட்டை எடுக்கப் போனேன். போனவள் பின்கதவைத் திறந்து அப்படியே நின்றுவிட்டேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி, நான் விரித்த புல்லின் மேல் அலைந்துகொண்டிருந்தது. குரோட்டன்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எருக்கு இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. தரையோடு வெட்டிய கட்டையின் முனை கொஞ்சம் வெளியே தெரியும். அதில் உட்கார்ந்து, பின்பக்கத்தை வளைத்துப் பார்த்துவிட்டு, எழுந்து போய்விட்டது.

அப்புறம் நோட்டைப் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாதுதான், பிரித்துவிட்டேன். "ஏப்ரல் 3: எருக்கில் மூன்று முட்டை. ஏப்ரல் 19: முதல் கூடு, பச்சை, சட்டைப் பொத்தான் அளவு. ஏப்ரல் 28: இரண்டு வெளியே வந்தன. இன்று வீட்டில் நாங்கள் மூன்று பேர்." இப்படியே நாலு வருடத்துக்கு. எந்தச் செடியை எங்கிருந்து விதை எடுத்துப் போட்டீர்கள், எது எதற்குத் தீனி, எல்லாம் இருக்கிறது. உங்கள் பெண் என் வீட்டுக்கு மருமகளாக வந்த மாதம்தான் முதல் பக்கம் தொடங்குகிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நீங்களாக நட்ட காடு என்று ஏன் சொல்லவில்லை? முதல் தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, "இந்த எருக்க ஆள விட்டு வெட்டிடலாமே" என்று நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். நீங்கள் சிரித்தீர்கள். சரி என்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன்!

முப்பது வருடமாகக் கடை நடத்துகிறேன், ஒன்று சொல்கிறேன் கேளுங்கள். ரவிக்கையைக் கெடுத்துவிட்டால், "என்னம்மா இப்படிப் பண்ணிட்டே" என்று கடை அதிரக் கத்திவிட்டுப் போனவர்கள் எல்லாம் இன்றைக்கும் என் வாடிக்கை. "பரவாயில்லை" என்று சிரித்தவர்கள் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. நேற்று போனில் என் மகன், "அத்தை இங்கயே இருந்துடப் போறாங்க போலம்மா" என்றான். அது என்னால்தானே?

கட்டையைச் சுற்றிப் புல்லைப் பிரித்து எடுத்துவிட்டேன். இனி உங்களைக் கேட்காமல் ஒன்றிலும் கை வைக்க மாட்டேன். தயவுசெய்து என்னைத் திட்டி ஒரு கடிதம் போடுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஜூலை 14

டைலரம்மாவுக்கு,

கேட்டீர்கள் அல்லவா, வாங்கிக்கொள்ளுங்கள்.

யாரைக் கேட்டு வெட்டினீர்கள்? போன் இருக்கிறதே, ஸ்பீக்கரில் போட்டால் என்ன, "வெட்டட்டுமா" என்று ஒரு வார்த்தை கேட்க வாய் வலித்ததா? இலையைப் புழு தின்றிருந்ததாம்! அது தின்னத்தானே அம்மா அந்தச் செடியையே வைத்தேன்! அந்தப் பட்டாம்பூச்சி எருக்கிலும் வேலிக்கொடியிலும்தான் முட்டையிடும். குரோட்டன்ஸில் அதற்கு ஒரு வாய்த் தீனி கிடையாது. தும்பையில் மொய்த்த தேனீயெல்லாம் எங்கே போயிருக்கும்? வேலிக்கொடியில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது, அதையாவது பார்த்தீர்களா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிசிறு தேடுகிற ஆளுக்கு ஒரு கூடு தெரியவில்லை! அந்த ஹெட்மாஸ்டருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்று, குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். வெளியே வந்து பெண்ணிடம், "அத்தை தோட்டத்த அழகா மாத்தியிருக்காங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? இது உங்கள் மகன் வீடு. அவர் சம்பாத்தியத்தில் சாப்பிட்டுக்கொண்டு அவர் அம்மாவைத் திட்ட முடியுமா? நாளைக்கு என் பெண்ணுக்கு அதனால் ஒரு சங்கடம் வந்தால்?

இருந்துவிடுங்கள் என்று இருவரும் கெஞ்சுவது உண்மைதான். மாட்டேன், என் செடிகள் காத்துக்கொண்டிருக்கும் என்று சொல்லிவந்தேன். உங்கள் கடிதத்துக்குப் பிறகு சொல்ல எனக்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது. அதுதான் அடிவயிற்றுக் கோபம்.

அப்பாடா. இப்போது மூச்சு விட முடிகிறது. கல்யாணம் முடிந்த நாளிலிருந்து நாம் எவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்! எனக்கே அலுத்துவிட்டது.

எருக்கு லேசில் சாகாது. கட்டைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றி வேரை அழுக வைத்துவிடாதீர்கள். சும்மா விடுங்கள். சும்மா விடுவதுதான் உங்களுக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

நர்ஸம்மா


ஆகஸ்ட் 16

நர்ஸம்மாவுக்கு,

உங்கள் திட்டைக் கடையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். பொத்தான் கட்டுகிற பெண், "என்னக்கா, லெட்டரப் படிச்சுட்டு இவ்வளவு சிரிப்பு?" என்று கேட்டாள். "சம்பந்தி திட்டியிருக்காங்கடி" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

புல் பாய் முழுவதையும் பிரித்துவிட்டேன். தப்பாகத் தைத்ததைப் பிரிப்பது எனக்குப் புதிதா என்ன? குரோட்டன்ஸ் கடை வாசலுக்கு வந்துவிட்டது. தும்பைக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். மெஷின்காரரைப் பிடித்து, "வெட்டினத எங்கே கொட்டினே?" என்று உலுக்கினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காலி மனையில் கொட்டியிருக்கிறார். அந்தக் குப்பையை இரண்டு சாக்கில் வாரிக்கொண்டு வந்து, விதை உதிரட்டும் என்று உங்கள் மண்ணில் உதறினேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். குப்பையைக் கொட்டுகிறவர்களைப் பார்த்திருப்பார்கள், அள்ளிக்கொண்டு வருகிறவளைப் பார்த்திருக்க மாட்டார்கள். மழை பெய்தது. இப்போது தரையெல்லாம் பொடிப்பொடியாகப் பச்சை. எது தும்பை, எது வேறு என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றையும் பிடுங்கவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

தேன்சிட்டின் கூடுதான் மனதை அறுக்கிறது. அதை என்னால் தைத்துக் கொடுக்க முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

எருக்கு முளைத்துவிட்டது! கட்டையைச் சுற்றி ஏழெட்டுத் துளிர், முழங்கால் உயரம். போன வாரம் இலைக்கு அடியில் வெள்ளையாகக் குண்டூசித் தலை மாதிரி என்னவோ இருந்தது. தூசி என்று தட்டப் போய், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். இப்போது ஐந்து புழு, கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடு. அளவெடுத்து அடித்த மாதிரி என்ன சீரான கோடு! இலையைப் பொத்தல் பொத்தலாகத் தின்கின்றன, எனக்குப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஹெட்மாஸ்டர், "மறுபடியும் காடாகுதேம்மா" என்றார். "ஆமா சார், ஆகணும்" என்றேன்.

உங்கள் நோட்டில் நானே எழுதிவிட்டேன்: "ஆகஸ்ட் 14: ஐந்து. பார்த்தது டைலர்." கையெழுத்து கோணல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கேயே இருப்பதும் வருவதும் உங்கள் விருப்பம், நான் வற்புறுத்த மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய். வந்துவிடுங்கள். எனக்கும் இங்கே பேச ஆள் இல்லை.

டைலர்


ஆகஸ்ட் 28

டைலரம்மாவுக்கு,

பெண் கைத்தடி இல்லாமல் மாடிப்படி இறங்கிவிட்டாள். அன்று சாயங்காலமே மாப்பிள்ளையிடம், "டிக்கெட் போடுங்க, எருக்கு முளைச்சிருச்சு" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்க அம்மாகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 9 காலையில் வருகிறேன். அதற்குள் புழு கூடு கட்டியிருந்தால் தொடாதீர்கள். பறந்துபோயிருந்தால் தேதியை எழுதி வையுங்கள். தேன்சிட்டு அடுத்த வருடம் கொடி ஏறியதும் தானே வரும், அதை நினைத்து உருகாதீர்கள்.

இன்னொன்று. கல்யாணத்துக்கு நீங்கள் ஆசையாகத் தைத்துக் கொடுத்த அந்தப் பச்சை ரவிக்கை அக்குளில் பிடிக்கிறது. கையைத் தூக்க முடியாது. நாலு வருடமாக, "கச்சிதமா இருக்கு" என்று உங்களிடம் சொல்லிவந்தேன். வருகிற அன்றைக்கே கடைக்குக் கொண்டுவருகிறேன், ஒழுங்காகப் பிரித்துத் தையுங்கள்.

உங்கள்
நர்ஸ்