நல்ல செல்லையும் பார்க்கச் சொன்ன அண்ணிக்கு

என் பிரியமுள்ள அமுதா அண்ணி,

நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகிறது. இவ்வளவு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசாத அண்ணன், இன்று காலை ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். "அவ கடைசியா என்ன பாத்தான்னு எனக்கும் காட்டு" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

பெடாஸ் ஊர்ப் பக்கம் நீங்கள் பிறந்த தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், காயம் கழுவ அவித்துப் பயன்படுத்தும் அந்த மரப்பட்டையை முதலில் கொண்டுவந்தது நீங்கள்தான். நான் ஆய்வாளர், நீங்கள் ஆய்வக உதவியாளர். பட்டையைக் காயவைத்துப் பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறு எடுத்தோம். கிருமி வளர்த்த தட்டில் சாறு தோய்ந்த சின்ன வட்டத்தாளை வைத்தோம். மறுநாள் தாளைச் சுற்றிக் கிருமியே இல்லாத வளையம். பிறகு புற்றுநோய் செல்களில் விட்டோம். அவையும் செத்தன.

நீங்கள் அப்போது மார்புப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்தீர்கள். நான் வாயை அடக்கியிருக்க வேண்டும். வீட்டில் சொன்னேன், அண்ணன் தோட்டத்தில் சொன்னார். ஒரே வாரத்தில் ஆட்கள் மரத்தை உரித்து, அவித்துக் குடிக்கவே தொடங்கிவிட்டார்கள். அண்ணனும் ஒரு போத்தல் கொண்டுவந்து உங்கள் முன் வைத்தார்.

நீங்கள் அதைத் தொடவில்லை. "நல்ல செல்லுல போட்டுப் பாத்தியா, கவிதா?" என்று கேட்டீர்கள்.

நான் பார்க்கவில்லை. பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்திருந்தேன். கிருமித் தட்டுகளை என்னிடம் விட்டுவிட்டு, செல் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். இரண்டு கீமோவுக்கு நடுவே, தலையில் துணி கட்டிக்கொண்டு வந்து மூன்று முறை செய்தீர்கள். மூன்று முறையும் நல்ல செல்களும் அதே அளவில் செத்தன.

கீமோவும் அப்படித்தானே என்று அண்ணன் கோபப்பட்டார்.

"கீமோவுக்கு அளவு தெரியும். இதுக்கு யாருக்குத் தெரியும்?" என்றீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயிலுக்குப் போனோம். நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினீர்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லிக்கொடுத்ததா என்று ஒருவர் கேட்டார்.

"உங்க எல்லாரையும் விட எனக்குத்தான் இந்த மருந்து வேணும்லா. ஆனா இது நல்லது கெட்டது பாக்காம கொல்லுது."

அதைக் கேட்ட ஓர் அம்மா வீட்டுக்குப் போய், அவித்துவைத்ததைப் பானையோடு சாக்கடையில் கொட்டினார்.

அண்ணி, அந்தப் போத்தலோடு தனியாக இருந்தபோது, ஒரு மடக்கு குடித்துப் பார்ப்போமே என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? நானாக இருந்தால் குடித்திருப்பேன்.

இப்போது சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துவிட்டோம். அதில் ஒன்று கிருமியைக் கொல்கிறது, நல்ல செல்களை அவ்வளவாகச் சேதப்படுத்தவில்லை. புற்றுநோய்க்கு அது உதவாது. புண்ணுக்கு ஒருநாள் உதவலாம். அதற்கும் இன்னும் எத்தனையோ சோதனைகள் இருக்கின்றன.

அதைக் குடித்திருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்கள் என்றே இதுவரை நம்பியிருந்த அண்ணனுக்கு, நீங்கள் எடுத்துவைத்த செல் படங்களைக் காட்டினேன். செத்துச் சுருங்கிய நல்ல செல்களை வெகுநேரம் பார்த்தார்.

"இதையா நான் அவள குடிக்கச் சொன்னேன்?"

"உங்களுக்குத் தெரியாதுண்ணே. எனக்கே தெரியல" என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

அடுத்த மாதம் நாங்கள் இருவரும் பெடாஸுக்குப் போகிறோம். உங்கள் பெயரை முதலில் போட்டிருக்கும் ஆய்வுக் கட்டுரை அச்சாகும் முன்னே, எது தெரியும், எது இன்னும் தெரியாது என்று அந்த மக்களிடம் சொல்லிவிடுவோம். எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன், அண்ணி. இது சத்தியம்.

உங்களை அண்ணியாகப் பெற்ற நாத்தனார்,
கவிதா