அம்மாவின் கட்டுரையில் அப்பாவின் பெயர்

ஓல்டன் ஃபால்ஸ், மினசோட்டா
மே 17

அன்பு மகள் மரீட்டுக்கு அம்மா எழுதுவது,

தேவ கிருபையால் அப்பாவும் நானும் இங்கே சுகம், அவருடைய இடது முழங்கால் ஒன்றைத் தவிர. நீயும் அலாஸ்காவில் சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன், ஆனால் போன தடவை ஃபோனில் கேட்ட இருமல் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, பெரிய பெண் ஆகிவிட்டாய் என்பதால் இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஏரியில் பனிக்கட்டி உருகி மூன்று வாரம் ஆகிறது, ஆனால் வயல் இன்னும் சொதசொத என்றுதான் கிடக்கிறது, சோளம் விதைக்க முடியாமல் அப்பா ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஃபோனில் சொல்லாமல் இவ்வளவு நீளக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். சொல்ல வேண்டிய விஷயம் அப்பாவைப் பற்றியது, நான் ஃபோன் பேசினால் அவர் பக்கத்திலேயே நின்று தட்டு துடைக்கிற சாக்கில் ஒரே தட்டைப் பத்துத் தடவை துடைப்பார் என்பது உனக்கே தெரியும்.

ஜனவரியில் நான் கல்லூரியில் சேர்ந்ததைச் சொன்னேன் அல்லவா, நான் சமைக்கிற பள்ளிக்கூடச் சமையலறையை ஜூனில் மூடப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பிய உடனே போய்ச் சேர்ந்தது. ஆகஸ்டில் நர்ஸ் படிப்பு தொடங்குகிறது, அதில் சேர வேண்டுமானால் முதலில் கட்டுரை வகுப்பில் தேற வேண்டும். ஐம்பத்தேழு வயதில் ஊசி போடக் கற்றுக்கொள்ளப் போகிறவளுக்குக் கட்டுரை எதற்கு என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன், விதி விதிதான் என்றார்கள். வகுப்பில் மொத்த மதிப்பெண்ணில் பாதி கடைசிக் கட்டுரைக்குத்தான். அதில் கோட்டைவிட்டால் நர்ஸ் படிப்பில் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும். நானோ யோசிக்காமல் எங்கள் சமையலறையை மூடலாமா கூடாதா என்பதையே தலைப்பாக எடுத்துவிட்டேன். பள்ளி போர்டில் உட்கார்ந்து, மூடிவிட்டுச் சாப்பாட்டை வெளியிலிருந்து லாரியில் வரவழைக்க வேண்டும் என்று சொல்கிறவர்களில் உன் அப்பாவும் ஒருவர் என்பது அப்போது மறந்துபோனது என்று சொல்ல மாட்டேன். மறக்கவில்லை. எப்படியாவது பட்டும் படாமலும் எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

எங்கள் டீச்சர் ஃபெராரோ நியூ ஜெர்சிக்காரி, உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். கட்டுரையின் முதல் பத்தியிலேயே நீ என்ன சொல்ல வருகிறாய் என்பதைச் சொல்லிவிட வேண்டும், அப்புறம் ஆதாரம் காட்ட வேண்டும், அப்புறம் எதிர்ப்பக்கத்துக்காரர் என்ன சொல்வார் என்பதையும் நியாயமாக எழுதிப் பதில் சொல்ல வேண்டும் என்பாள். நம் ஊரில் நடக்கிற காரியமா இது? ஒருத்தர் வீட்டுக்குப் போனால் வானிலை பேசி, மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்து, கிளம்பிக் கோட்டையும் மாட்டிக்கொண்டு, கதவருகே நின்று இன்னொரு அரைமணி நேரம் பேசி, காரில் ஏறும்போது அல்லவா வந்த காரியத்தைச் சொல்வோம்! என் முதல் வரைவும் அப்படித்தான் இருந்தது. மூடினால் சில நன்மைகள் உண்டு, மூடாவிட்டாலும் சில நன்மைகள் உண்டு, யோசிக்க வேண்டிய விஷயம், இப்படியே ஐந்து பக்கம். டீச்சர் பக்கம் முழுக்கப் பச்சை மையால் கோடு போட்டுக் கீழே ஒரே வரி எழுதியிருந்தாள், "அர்லிஸ், நீங்க எந்தப் பக்கம்?" என்று. இப்படியே கொடுத்தால் தேற மாட்டீர்கள் என்று வாயாலும் சொன்னாள். நான் காரில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், அப்புறம் அழுததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துக் குறை சொல்கிற நாள் என்று ஒன்று உண்டு. எனக்கு ஜோடியாக வந்தவள் ஹோதன், பத்தொன்பது வயது சோமாலியப் பெண், அவர்கள் வீட்டு வழக்கப்படி என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். நான் அவள் கட்டுரையைப் படித்துவிட்டு ரொம்ப நன்றாக இருக்கிறதம்மா என்றேன், அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவளோ என் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, நீங்க அந்தப் பள்ளிக்கூடத்துல தானே சமைக்கிறீங்க? இதுல எங்கயுமே அது இல்லையே!" என்றாள். நான் சமைக்கிறது இருக்கட்டும், கட்டுரை சமையலறையைப் பற்றி அல்லவா என்றேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "இருபத்திரண்டு வருஷமா அடுப்புப் பக்கத்துல நின்னவங்க நீங்க. இதை விட்டுட்டு யாரோ ஒரு ப்ரொஃபசர் சொன்னதைத் தூக்கிப் போட்டிருக்கீங்க. வெக்கமா?" என்று கேட்டாள். வெட்கம்தான், மரீட். நம் ஆட்களில் யாராவது தன்னைப் பற்றித் தானே பேசினால் அடுத்த ஞாயிறு சர்ச்சில் அவர்கள் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். ஆனால் அந்தப் பெண் சொன்னது நெஞ்சில் தைத்துவிட்டது, வீட்டுக்கு வந்து முதல் வரியை அடித்துவிட்டு, ஓல்டன் ஃபால்ஸ் பள்ளிச் சமையலறையை மூடக் கூடாது, அங்கே இருபத்திரண்டு வருஷம் சமைத்தவள் என்ற முறையில் சொல்கிறேன் என்று எழுதினேன். எழுதிவிட்டு எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டேன், யார் பார்த்துவிடப் போகிறார்கள் என்று!

அடுத்துதான் வம்பு. எதிர்ப்பக்கத்துக்காரர் ஒருவரை நேரில் பேட்டி எடுத்து, அந்தப் பத்தியை அவரிடமே காட்டி, நியாயமாகத்தான் எழுதியிருக்கிறது என்று கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்பது டீச்சர் போட்ட சட்டம். எனக்கு எதிர்ப்பக்கத்துக்காரர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி தின்றுகொண்டிருக்கிறார். நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "திரு வெர்லின் க்வாமே அவர்களே, உங்க கருத்து என்ன?" என்று கேட்டேன். யாரைக் கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்த்தார் அந்த மனுஷன். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளைங்க எண்ணிக்கை பாதியாக் கொறஞ்சுபோச்சு. அந்த அடுப்பையும் கொதிகலனையும் மாத்தியே ஆகணும். மாத்தினா பாட்டு டீச்சரை வீட்டுக்கு அனுப்பணும். பாட்டு டீச்சரா, நீ சுடுற பட்டை ரோலா? எனக்கு ரெண்டும் வேணும்தான், ஆனா ஒண்ணுக்குத்தான் காசு இருக்கு" என்றார். இத்தனை நாளும் மேலே உள்ளவர்கள் சொல்வதற்குத் தலையாட்டுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். இதை என்னிடம் சொல்லவே இல்லையே என்றேன். "நீ கேக்கவே இல்லையே" என்றார். "கேட்டேங்க. மீட்டிங் எப்படிப் போச்சுன்னு ஒவ்வொரு மாசமும் கேட்டேன். வித்தியாசமா இருந்துச்சுன்னு சொல்லிட்டு நாயைக் கூட்டிக்கிட்டு வெளியில போயிட்டீங்க" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்துநாலு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் சண்டையே போட்டதில்லை என்று பெருமைப்படுவோமே, போடத் தெரிந்தால்தானே போடுவதற்கு!

அவர் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதிக் காட்டினேன். நியாயமாகத்தான் இருக்கு என்று கையெழுத்துப் போட்டார். அதோடு விட்டிருக்கலாம், மிச்சத்தையும் காட்டு என்றார். கொடுத்துவிட்டு நான் பாத்திரம் கழுவப் போனேன். அவர் வாதத்துக்கு நான் பதில் சொல்கிற இடமும் அதில் இருக்கிறது, கொஞ்சம் காரமாகவே இருக்கிறது. அவர் விரலை வரி வரியாக வைத்துப் படித்து முடித்தார், கண்ணாடியைக் கழற்றினார், தொப்பியை மாட்டிக்கொண்டு டிராக்டர் கொட்டகைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் மழையைத் தவிர வேறு பேச்சு இல்லை. தேறாமல் போவேனோ என்ற பயம்கூட எனக்குப் போய்விட்டது, ஒரு நல்ல மனுஷனை ஐந்து பக்கத்தில் புண்படுத்திவிட்டேனே என்றுதான் இருந்தது. அந்த வரிகளை எடுத்துவிடலாம் என்று பென்சிலைக் கையில் எடுத்தும்விட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் நிலவறையிலிருந்து தலையெல்லாம் ஒட்டடையோடு ஏறி வந்தார். கையில் விதைக் கம்பெனி கொடுத்த பழைய காலண்டர். தினமும் மழையும் பனியும் குறித்து வைப்பாரே, அதுதான், ஒன்றைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை. "உன் கட்டுரையில ஆதாரம் பத்தாது" என்று சொல்லி அதை மேஜைமேல் விரித்தார். நீ மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், பனிப்புயலில் சாலை மூடி நீங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்திலேயே மாட்டிக்கொண்டது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த இரண்டு நாள் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் இப்படி இருந்தது: "சாலை இல்லை. பள்ளியில் 83 பிள்ளைகள். அர்லிஸ் ஆறு வேளை சமைத்துப் போட்டாள். மரீட் பத்திரம்." நான் அதை எழுதவே நினைக்கவில்லை, மரீட். மாவு இருந்தது, பிள்ளைகளுக்குப் பசித்தது, செய்தேன், அதைப் போய் எழுதுவார்களா? இது உங்க பக்கத்துக்கு எதிரா அல்லவா இருக்கு, எதுக்குக் கொண்டுவந்தீங்க என்று கேட்டேன். "எதிர்க்கட்சி நோஞ்சானா இருந்தா ஜெயிச்சவனுக்கு என்ன மரியாதை?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்த ரெண்டு நாளும் நான் மாட்டுக் கொட்டாயில ஃபோன் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தேன். மரீட் சாப்பிட்டுட்டா, தூங்குறான்னு நீ சொன்னப்புறம்தான் பாலே கறந்தேன். லாரியில வர்ற சாப்பாடு அன்னைக்கு வந்திருக்காதுன்னு எழுது" என்றார். அவர் சொன்ன அந்த வரியையே எழுதினேன்.

திங்கள்கிழமை போர்டு கூடியது. அப்பா வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, மூடத்தான் கையைத் தூக்கினேன் என்று சொல்லிவிட்டார், ஓட்டு நாலுக்கு ஒன்று. எனக்கு ரொம்பக் கோபம் வருதுங்க என்று நானும் நேராகவே சொன்னேன். "தெரியும். நியாயம்தான்" என்றார். நான் பாத்திரங்களை ஒரு மணி நேரம் சத்தம் போட்டு அடுக்கினேன், அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம், நன்றாகவே சாப்பிட்டோம். ஜூனில் அடுப்பை அணைக்கப் போகிறோம். வருத்தம் இருக்கிறது, மறைக்கவில்லை.

போன வியாழன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கட்டுரையைப் பேசினாள். ஆதாரப் பட்டியலைக் காட்டி, "இந்த வெர்லின் க்வாமே மூணாவது பக்கத்துல உங்களை எதிர்த்துப் பேசுறாரு, நாலாவது பக்கத்துல உங்களுக்குச் சாட்சி சொல்றாரு. யாருங்க இவரு?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தாள். அப்புறம், எல்லாம் சரி, காலண்டர் வரியில் "மரீட் பத்திரம்" என்ற கடைசி இரண்டு வார்த்தை மட்டும் உங்கள் வாதத்துக்குச் சம்பந்தமில்லாதது, வெட்டிவிட்டுக் கொடுத்தால் பி ப்ளஸ், இல்லாவிட்டால் பி என்றாள். சம்பந்தம் உண்டு, வெட்ட மாட்டேன் என்றேன். காரணம் கேட்டாள். காரணமும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பி கிடைத்தது, அதுவே போதும், ஆகஸ்ட் இருபத்துநாலு முதல் உன் அம்மா நர்ஸ் படிப்பு மாணவி.

கட்டுரையின் நகல் இத்துடன் இருக்கிறது, நாலாவது பக்கத்தை நிதானமாகப் படி. ஜூன் ஒன்பது உன் ஞானத்தாய்க்குப் பிறந்தநாள், வாழ்த்து அட்டை அனுப்ப மறந்துவிடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நல்ல சுகத்தையும் சிரிப்பையும் தருவாராக.

அந்த இரண்டு வார்த்தையையும் வெட்டாத
உன் அம்மா
அர்லிஸ்